மாடியில் எட்டாம் வகுப்பு

ஜூன் 9

அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். என் மனைவி இதைக் கொண்டுவந்து தருவாள். அவள் வேலைக்குப் போகும் தையல் கூடம் உன் பள்ளிக்கு எதிரேதானே இருக்கிறது. நம் சண்டையில் தனக்குப் பங்கு இல்லை என்றும் தபால் வேலை மட்டும் பார்ப்பதாகவும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

நேற்று உன் அறையில் நான் கேட்டது ஒரு இடம். எட்டாம் வகுப்பில் என் மகள் மிளகுக்கு ஒரு இடம். ஏழாவது வரை பக்கத்துத் தெருப் பள்ளியில் படித்தவள். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. எட்டிலிருந்து பத்து வரை நம் பக்கத்தில் இருக்கும் ஒரே பள்ளி உன்னுடையது. தலைமை ஆசிரியை அவளுடைய சொந்த அத்தை. வேலை சுலபமாக முடியும் என்று நினைத்தவன் முட்டாள்தான்.

பிறக்கும்போதே அவளுக்கு மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது என் பக்கத்தில் நின்றவள் நீ. காலும் இடது கையும் அவள் சொன்னபடி கேட்காது, பேச்சு மெதுவாக வரும், புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்று நம் அம்மாவுக்கு விளக்கியவளும் நீதான். நேற்று நீயே, "மேல வகுப்புங்க எல்லாம் மாடியில இருக்கு. நீங்க வேற நல்ல இடமா பாருங்க" என்றாய்.

நீங்க. என்னை.

கதவுக்கு வெளியே சக்கர நாற்காலியில் மிளகு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அத்தை ஏன் உங்கள நீங்கன்னாங்க?" வண்டிச் சத்தத்தில் கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி, ஆபீஸ், கடை எல்லாவற்றிலும் முன்பின் தெரியாதவர்களை மேலே ஏற்றி விடுகிறேன். என் மகளை ஒரு மாடி ஏற்ற முடியவில்லை. சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

எழுத்தர் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். தம்பி மகளுக்கு வேண்டி பள்ளியையே புரட்டிப் போட்டாள் என்று நாளைக்கு அவர் வாயால் ஊர் கேட்க வேண்டாம் என்றுதான் "நீங்க" என்றேன். உனக்குக் குத்தும் என்று தெரியும். வேறு வழி தெரியவில்லை.

இப்போது நிலவரம் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு படி. கீழே இருப்பவை அலுவலகம், ஆசிரியர் அறை, ஆய்வுக்கூடம், சின்ன வகுப்புகள். எட்டாம் வகுப்பு மாடியில். படிக்கட்டு குறுகல். மணி அடித்தால் பிள்ளைகள் மூட்டை கொட்டின மாதிரி இறங்குவார்கள். கழிப்பறைக் கதவில் அவளுடைய நாற்காலி நுழையாது. யார் தூக்குவது? ஆயாவா? அவருக்கே முதுகு வலி. உன் மகள் எத்தனை நாள் நாலு பேர் தூக்கிப் போக ஒத்துக்கொள்வாள்? வளர்ந்த பெண், கூச்சம் இருக்காதா?

அதோடு, போன வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி நாற்காலியைத் தூக்கி எறிந்தாள். கணக்கு டீச்சருக்கு நெற்றியில் தையல். அந்தப் பெண்ணை நான் வெளியே அனுப்பினேன். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் ஒரே பேச்சு: "இனிமே கஷ்டமான கேஸ் எதையும் எங்க தலையில கட்டாதீங்க." மிளகும் அந்தப் பெண்ணும் ஒன்றா என்று நீ பாய்வாய். எனக்குத் தெரியும், ஒன்றில்லை. அவர்கள் கணக்கில் இரண்டும் ஒரே மூட்டை.

பெரிய நகரத்தில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது. நல்ல பள்ளி. விசாரித்துவிட்டேன். பிள்ளையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பள்ளிக்கூடம் அவளுக்கு வேண்டாம் என்றேன்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

விடுதி வேண்டாம் என்று மிளகே சொல்லிவிட்டாள். "ராத்திரி எனக்குக் கால் இழுத்தா அங்க யாரைக் கூப்பிடறது?" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பழைய அச்சுக்கூடம் ஒன்று இருக்கிறதே, அங்கே ஒரு மையம் நடக்கிறது. பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கேதான் சேர்த்தேன். முதல் நாள் உள்ளே போனதும் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் பார்த்தேன். மை வாடை இன்னும் போகவில்லை. ஒரு மூலையில் பார்வையில்லாத பையன் விரலால் தடவிப் படிக்கிறான். இன்னொரு மூலையில், போலீஸ் இரண்டு முறை பிடித்துக்கொண்டு போன ஒருத்தன் பின்னக் கணக்குப் போடுகிறான். வாயே திறக்காத சின்னப் பெண் ஒருத்தி மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதான் எழுதுவாளாம். யாரும் அவளை வெளியே இழுப்பதில்லை. நடத்துகிற அம்மா, "மேஜைக்கு அடியில இருந்தாலும் கணக்கு கணக்குதானே" என்கிறார்.

தரை முழுக்க சமம். கழிப்பறைக்குக் கதவுக்குப் பதில் அகலமான திரை. மிளகு உள்ளே போய்விட்டுத் தானே வெளியே வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. அவள் மேஜையில் கூட உட்காருகிற பெண்ணை எல்லாரும் இடி என்று கூப்பிடுகிறார்கள். கதவைத் திறந்தாலும் மூடினாலும் அப்படி ஒரு சத்தம். இவள் உன் பள்ளியில் படித்தவளாம். போன வருடம் வெளியே அனுப்பப்பட்டவளாம். நெற்றியில் தையல் போட வைத்த ஆள் இவள்தான் என்று புரிந்துகொண்டேன்.

மேஜையை மாற்றச் சொல்லத்தான் வாய் எடுத்தேன். அதற்குள் மிளகு ஏதோ சொல்லத் தொடங்கினாள். உனக்குத்தான் தெரியுமே, ஒரு வாக்கியம் முடிய நேரமாகும். நானே பாதியில் ஊகித்து முடித்துவிடுவேன். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீ மெதுவா பேசறது நல்லாருக்கு. மத்தவங்க எல்லாம் கடகடன்னு சொல்லிட்டு, புரியலன்னா திட்டுவாங்க."

மேஜையை மாற்றவில்லை.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

அந்தப் பெண்ணை எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். நல்ல மனநிலையில் இருந்தால் தங்கம். எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. நாற்காலி பறந்தபோது நான் வராந்தாவில் இருந்தேன். ரத்தத்தைத் துடைத்தவள் நான். மிளகால் எழுந்து ஓட முடியாது என்பதை மட்டும் மறந்துவிடாதே.

மையம் என்றால் என்ன பாடத்திட்டம்? அறிவியல் யார் எடுக்கிறார்கள்? பொதுத்தேர்வு எழுத முடியுமா? மை வாடையையும் திரையையும் பற்றி ஒரு பக்கம் எழுதினாய். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உனக்கு யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் போதும், நல்ல பள்ளி என்று முடிவு கட்டிவிடுவாய்.

வேலை விஷயமாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். கூரைத் தகடு ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறது. காற்றுக்கு முன்னால் சரி செய்யச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

கல்வி அலுவலகம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். உனக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? மிளகு ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக் கை ஆட்டினாளாம். நீ குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டாயாம். "அத்தை என்னப் பாக்கல போல" என்று அவளே உனக்குச் சாக்குச் சொன்னாள். கூரைத் தகட்டை நானே ஏறி அடித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் தாமதமானது கோபத்தால் இல்லை. சொல்லப் பிடிக்கவில்லை. நீ கேட்டது எல்லாம் நியாயம். மையத்தில் ஆய்வுக்கூடம் கிடையாது. அறிவியல் எடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மிளகு தன் புத்தகத்தைத் தானே படித்து முடித்துவிட்டு, நடத்துகிற அம்மாவிடம் கேள்வி கேட்கிறாள். அந்த அம்மா, "எனக்குத் தெரியலடா கண்ணு" என்கிறார். நல்ல மனுஷிதான். தெரியாததை எப்படிச் சொல்லித் தருவார்? போன வாரம் மிளகு வீட்டில் புத்தகத்தை விசிறிப் போட்டாள். "எனக்கு அமிலத்தப் பாக்கணும். படத்துல பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு."

உன் எச்சரிக்கையும் ஒரு விதத்தில் பலித்தது. இடி இவளைத் தெருவுக்குக் கூட்டிப்போய், பாலத்துச் சரிவில் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறாள். கல் தடுக்கி நாற்காலி கவிழ்ந்தது. மிளகுக்குத் தாடையில் காயம். மூக்குக்கு மேல் கோபத்தோடு போனேன். இடி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் கையை ஓங்கியதும் பின்னாலிருந்து மிளகு, "அடிக்காதீங்கப்பா, வேகமா ஓடச் சொன்னது நான்தான்" என்றாள். அப்புறம், "விழறதுக்கு முன்னாடி சூப்பரா இருந்துச்சு" என்றும் சொன்னாள். வாய்க் கொழுப்பு உன்னிடமிருந்து வந்தது.

தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

தாடைக் காயம் ஆறிவிட்டது என்று உன் மனைவி சொன்னாள். நல்லது.

எட்டாம் வகுப்பைக் கீழே இறக்கிவிட்டேன். ஆசிரியர் அறை மாடிக்குப் போயிற்று. எழுதும்போது ஒரு வரிதான். நடத்தும்போது உயிர் போயிற்று. ஓவிய ஆசிரியர் முழங்கால் வலிக்கிறது என்று என் அறைக்கு வெளியே வந்து நின்றார். "உங்க தம்பி பொண்ணுக்காக நாங்க எல்லாம் மாடி ஏறணுமா?" என்று நேராகவே கேட்டார். "ஆமாம் சார். உங்களால ஏற முடியும், அவளால முடியாது" என்றேன். எதற்குப் பயந்து அன்றைக்கு உன்னை "நீங்க" என்றேனோ அது நடந்தே விட்டது. நடந்த பிறகு பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் கீழே, என் அறையில், ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாள் முழுக்க அவர் பெருமூச்சைக் கேட்பது என் தலைவிதி.

சாய்தளம் கட்ட வந்த கொத்தனார் முதலில் கட்டியது, சைக்கிளை விட்டாலே பின்னால் உருளும் செங்குத்து. இடிக்கச் சொல்லி, நீளமாக, பக்கத்தில் கைப்பிடிச் சுவரோடு மறுபடி கட்ட வைத்தேன். கழிப்பறை ஒன்றில் கதவை அகலப்படுத்தியாயிற்று. அறிவியல் ஆசிரியையிடம் பேசிவிட்டேன். ஆய்வுக்கூட மேஜை உயரம். ஒன்றின் காலை அறுக்கச் சொன்னேன், அவள் அமிலத்தை நேரில் பார்க்கட்டும். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வைக்க அனுமதி உண்டு. கூடுதல் நேரமும் உண்டு.

ஜனவரியில் புதுப் பருவம் தொடங்கும்போது வரட்டும். நேரில் வந்து கையெழுத்துப் போடு. உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எழுத்தர் முன்னாலேயே காட்டுகிறேன்.

அக்கா


அக்டோபர் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தேன். என் மனைவி பாதியிலேயே கண்ணைத் துடைத்தாள். மிளகு கடைசி வரை கேட்டுவிட்டு, "நான் வரல" என்றாள்.

கத்தினேன். மறைக்க மாட்டேன். உனக்காக ஒரு பள்ளிக்கூடத்தையே மேலே கீழே மாற்றியிருக்கிறார்கள், உனக்கு என்ன திமிர் என்றேன். அவள் அவசரப்படவில்லை. அவளால் அவசரப்பட முடியாது என்பது அவளுக்குச் சௌகரியம், நான் கத்தி முடித்துக் களைத்துப் போய்விடுவேன். பிறகு சொன்னாள்: "எனக்காக அத்தை படிய எடுத்துட்டாங்க. இடிக்கு எந்தப் படிய எடுப்பாங்க?"

இடி வந்தால்தான் இவள் வருவாளாம்.

மறுநாள் மையத்துக்குப் போய் நடத்துகிற அம்மாவைக் கேட்டேன். அவர் சொன்னது இது. இடிக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன. எட்டாம் வகுப்பு வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சேட்டை செய்து தப்பித்து வந்திருக்கிறாள். அன்றைக்குக் கணக்கு டீச்சர் எழுந்து நின்று கேள்வியை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இவள் தடுமாற, வகுப்பு சிரித்திருக்கிறது. மறுபடி வாசி, மறுபடி வாசி என்று டீச்சரும் விடவில்லை. மூன்றாவது தடவை நாற்காலி பறந்தது. டீச்சரைக் குறி வைக்கவில்லை, கரும்பலகையைக் குறி வைத்தேன் என்கிறாள். தையல் போட்டது நெற்றிக்குத்தானே, அதனால் நான் அதை ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது மிளகு வாசிக்கிறாள், இடி கேட்டுக் கணக்குப் போடுகிறாள். மிளகு சொல்லச் சொல்ல இடி படம் வரைகிறாள். இருவர் சேர்ந்தால் ஒரு முழு மாணவி என்று அங்கே கேலி செய்கிறார்கள். ரெண்டு மாணவின்னு சொல்லுங்க என்று மிளகு சண்டைக்குப் போகிறாள்.

இடியிடம் கேட்டேன். "நான் எதுக்கு அங்க? அந்த டீச்சர் முகத்த எப்படிப் பாக்கறது?" என்று எழுந்து போய்விட்டாள். கதவு அடித்த சத்தத்தில் கட்டடமே ஆடிற்று.

இவ்வளவு செய்த உன்னிடம் இன்னும் ஒன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதத்தான் முடிகிறது.

தம்பி


நவம்பர் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடலாம் போல இருந்தது. சில நாள் பதில் எழுதவே மனமில்லை. உன் மனைவி தினமும் சாலையைக் கடந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவாள். அது கேட்பதைவிட மோசம்.

கணக்கு டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினேன். முடியாது என்றார். "மேடம், இன்னிக்கும் பின்னாடி நாற்காலி நகர்ற சத்தம் கேட்டா நான் சட்டுன்னு நெத்தியப் பொத்திக்கறேன். உங்களுக்கு அது புரியாது" என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. இடியை வேறு பிரிவில் போடலாமா என்று மட்டும் கேட்டேன். எழுத்து இடம் மாறித் தெரிவதையும் சொன்னேன். அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

போன வாரம் அவரே வந்தார். உட்காரவில்லை. "வேற பிரிவுல போடாதீங்க. போட்டா நான் பயந்துட்டேன்னு ஆயிடும். என் வகுப்புக்கே வரட்டும். ஆனா எங்கிட்ட அவ மன்னிப்பு கேக்கணும். எல்லார் முன்னாடியும் வேண்டாம், தனியா. நான் இனிமே அவள எழுந்து வாசிக்கச் சொல்ல மாட்டேன். அது என் பங்கு. சிரிச்சுப் பேசுன்னு மட்டும் என்னக் கேக்காதீங்க" என்றார். இருபது வருடமாக அவரோடு வேலை பார்க்கிறேன். அன்றைக்குத்தான் எழுந்து நின்று கதவு வரை வழியனுப்பினேன்.

பிறகு மையத்துக்குப் போனேன். இந்த முறை உள்ளே. உன் மகள் கை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். இடி என்னைக் கண்டதும் பின்வாசலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போய்க் குழாயடியில் பிடித்தேன். மன்னிப்பு, வகுப்பு, எல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"டீச்சருக்கு நெத்தியில தழும்பு இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

வெகுநேரம் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "மத்தியானம் இங்க வந்துடுவேன். முழு நாளும் அங்க என்னால முடியாது" என்றாள். சரி என்றேன். காலையில் பள்ளி, மதியம் மையம். இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு விதியில் இடம் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எழுத்துக்குச் சிறப்புப் பயிற்சி தருகிறார்கள், அதை விடக் கூடாது.

அவள் வருவாளா, வந்தால் நிலைப்பாளா என்று எனக்கு உறுதியில்லை. மிளகிடம் அதையும் சொல்.

அக்கா


ஜனவரி 5

தம்பிக்கு,

நேற்று நீ பள்ளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய். வாட்ச்மேனை அனுப்பி உன்னை வேலைக்குப் போகச் சொன்னது நான்தான். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

உள்ளே நடந்ததை மிளகு உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், கோபத்தில் இருக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

முதல் மணிக்கு முன்பே கணக்கு டீச்சரும் இடியும் ஆய்வுக்கூடத்துக்குள் போனார்கள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நான் காதை வைத்துக் கேட்கவில்லை. ஓவிய ஆசிரியர் வைத்துப் பார்த்தார், அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. யாரும் யாரையும் தொட்டுக்கொள்ளவில்லை. இடி நேராகப் போய் மிளகின் நாற்காலியை முதல் வரிசையில் நிறுத்திவிட்டுத் தான் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சேர்ந்து உட்காரவில்லையா என்று கேட்டேன். "அவளுக்கு அவ இடம், எனக்கு என் இடம் மேடம்" என்றாள்.

நான் ஜன்னலோரம் நின்றேன். கணக்கு டீச்சர் ஒரு கணக்கைப் பலகையில் எழுதி, தானே வாசித்து, யார் சொல்வது என்றார். மிளகு கை தூக்கினாள். சொல்லத் தொடங்கினாள். முதல் படி, இரண்டாம் படி என்று போய்க்கொண்டே இருந்தது. பாதியில் மணி அடித்தது. அறிவியல் ஆசிரியை வாசலில் வந்து நின்றார். பின் வரிசையில் ஒருத்தன், "டீச்சர், மணி அடிச்சாச்சு" என்றான். டீச்சர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாக்பீஸைப் பிடித்த கையோடு அப்படியே நின்று மிளகின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகப் பையை மூடிய பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திறந்துகொண்டார்கள். நீயாக இருந்தால் ஊகித்து முடித்திருப்பாய். நானும் முடித்திருப்பேன்.

மிளகு விடையைச் சொல்லி முடித்தாள். வகுப்பே டீச்சரைப் பார்த்தது.

"தப்பு" என்றார் டீச்சர். "மூணாவது படியில கழிச்சதுக்குக் கூட்டிட்ட. வீட்ல திரும்பப் போட்டுட்டு வா, நாளைக்கு மொத ஆளா உன்னத்தான் கேப்பேன்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிளகின் முகம் வாடிப்போய்விட்டது. நாள் முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நீ சமாதானம் சொல்கிறேன் என்று கிளம்பாதே, டீச்சரிடம் வந்து சண்டையும் போடாதே. கணக்கைப் போடச் சொல்.

அக்கா